தாத்தாவின் ஊர் எது? யாழ்ப்பாணத்தில் நாம் படித்த ஒரு பாடம்

உங்கள் வீட்டுப் பெட்டியில் பிறப்புப் பத்திரம் இருந்தால், இதை வாசிக்கும் முன் ஒருதரம் வெளியே எடுத்துப் பாருங்கள். கையால் நிரப்பிய பழைய படிவம் என்றால், தாய் தகப்பன் விபரங்களுக்குக் கீழே வேறொரு கூடு இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று கேட்டிருக்கும். அதற்கும் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் பூட்டனுடைய விபரம். எமது லயங்களில் நாம் பார்த்த அனேக பத்திரங்களில் அந்தக் கூடுகளில் ஒரு கோடுதான் இழுத்திருக்கிறது. எமது சொந்தப் பத்திரத்திலும் கோடுதான்.

அந்தக் கோட்டைப் பற்றி நாம் பெரிதாக யோசித்ததில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்த பிறகுதான் யோசித்தோம்.

எமது தோட்டத்து ஆபிசில் ஒரு காலத்தில் கிளாக்கராக இருந்தவர் வலிகாமத்தைச் சேர்ந்தவர். எண்பது வயது தாண்டிவிட்டது. தோட்டத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் "கிளாக்கர் ஐயா" என்றுதான் அவரைச் சொல்லுவாங்க. நல்லூருக்குப் போன இடத்தில் அவரையும் ஒருதரம் பார்த்து வருவோம் என்று நாமும் இரண்டு கூட்டாளிமாரும் அவர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, உங்கட பேரன் எந்த ஊர் ஆள்?"

எமக்குக் குழப்பமாகிவிட்டது. எமக்கு இன்னும் பேரன் பிறக்கவில்லையே! பிறகுதான் விளங்கியது, யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. தாத்தாவின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இரண்டு பக்கமும் உள்ள வழக்கம்தான். சொல் மட்டும் அங்கே தாத்தாவிடம் நின்றுவிட்டது. கேள்வி விளங்கிய பிறகும் பதில் எம்மிடம் இல்லை. "இந்தியாவில திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க ஐயா" என்றோம். "பக்கம் எண்டால் எந்தப் பக்கம்?" என்றார். அதற்கு மேல் எமக்குத் தெரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு றங்குப்பெட்டியை இழுத்து வந்தார். அதற்குள் இருந்தவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் எடுத்தது உறுதிகள். காணி எழுதிய பத்திரத்தை யாழ்ப்பாணத்தில் உறுதி என்பார்கள். அங்கே ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு. எத்தனை பரப்பு, கிழக்கில் யார் காணி, மேற்கில் எந்த ஒழுங்கை என்பதெல்லாம் உறுதியில் இருக்கும். எமக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. எழுதிக் கொடுப்பவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்பதையும் உறுதியில் சொல்ல வேண்டும். இன்ன வருடம் இன்ன நொத்தாரிசு முடித்த இன்ன இலக்க உறுதிப்படி தாயாரிடமிருந்து சீதனமாக வந்தது என்று இருக்கும். அந்தப் பழைய உறுதியை எடுத்தால் தாயாருக்கு அது எப்படி வந்தது என்று இருக்கும். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றாக ஏறிப்போனால் நாலு தலைமுறை ஏறிவிடலாம். கிளாக்கர் ஐயா எமது முன்னால் ஏறிக் காட்டினார்.

இதிலே பெண்களின் பெயரும் தப்பிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. பெண்ணுக்குக் கலியாணம் முடிந்தால் புருஷன் பெயர் சேருகிறது. இதனால் பெண்வழியைத் தேடுவது எங்கும் கஷ்டம். யாழ்ப்பாணத்தில் சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போவதால், அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா என்று ஒரு கோடு உறுதிகளிலே அறுபடாமல் நிற்கிறது. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து எழுதினார். அதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பின் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்தது அந்தச் சட்டம். சீதனம் என்றதும் எமக்குக் கண்ணீர்க் கதைகள்தான் ஞாபகம் வரும். அந்தக் கதைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் பூட்டியின் பெயர் காகிதத்தில் தங்கியது அதனால்தான்.

உறுதிக்கு முந்தியது தோம்பு. போர்த்துக்கீசர் 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த பிறகு வரி வாங்குவதற்காகக் காணிகளையும் ஆட்களையும் எழுதத் தொடங்கினார்கள். 1658 இல் வந்த ஒல்லாந்தர் அதைத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். கோயிற்பற்றுப் பள்ளிக்கூடங்களில் சட்டம்பிமார் ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் பதிந்த பள்ளித் தோம்பு என்றும் ஒன்று இருந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் பத்திரங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. உலகின் பல நாடுகளில் சிதறிக்கிடக்கும் அந்தக் கம்பனியின் ஏடுகளை யுனெஸ்கோ 2003 இல் உலக ஞாபகப் பட்டியலில் சேர்த்தது. ஒல்லாந்த மொழி தெரிந்தால்தான் அதற்குள் போகலாம். எமக்கும் கிளாக்கர் ஐயாவுக்கும் அது எட்டாது.

1816 இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று பள்ளிக்கூடம் வைத்தார்கள். அவர்களும் பதிவேடு எழுதினார்கள். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, அமெரிக்காவில் இருந்து காசு அனுப்பியவர்களின் பெயரை வைத்துவிடுவார்கள். 'உதயதாரகை'ப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, 1886 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'பாவலர் சரித்திர தீபகம்' என்று வெளியிட்டவர் சதாசிவம்பிள்ளை. அவரை ஆர்ணல்ட் என்றும் சொல்வார்கள். ஆர்ணல்ட் என்று மட்டும் தேடினால் அவருடைய தகப்பனாரின் ஊருக்குப் போய்ச் சேர முடியுமா? பெயர் மாறினால் வழி தவறிவிடும். இந்த விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருவோம்.

றங்குப்பெட்டியில் எமக்கு மிகவும் பிடித்தது கல்வெட்டு. கோயில் கல்லில் வெட்டியது என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, சின்னப் புத்தகம் ஒன்று அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்பார்கள், இப்போது நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். செத்தவர் எந்த ஊர், யாருக்குப் பிள்ளை, யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாட்டாகவே எழுதியிருக்கும். பின்பக்கத்தில் வம்சாவளியை மரம்போல வரைந்தும் இருக்கும். கிளாக்கர் ஐயா வீட்டில் இப்படி ஒரு கட்டு இருந்தது. பாட்டிலே புகழ்ச்சி கொஞ்சம் கூடத்தான், செத்தவர் எல்லாரும் கர்ணனும் தருமனுமாக இருக்கிறார்கள். பெயரும் ஊரும் மட்டும் சரியாக இருக்கும்.

பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலும் அதே வேலையைச் செய்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும் என்று போகும் அல்லவா? றேடியோவில் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மரண அறிவித்தல் வந்தால் அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவார். அது ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கு என்று அப்போது எமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு எழுதி வைத்தும் யாழ்ப்பாணத்தார் இழந்தது கொஞ்சமல்ல. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள், பழைய ஏட்டுச் சுவடிகளோடு சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் ஒரே நாளில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. "சமையல் சட்டியை விட்டிட்டன், இந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரிலை கட்டினன்" என்றார் கிளாக்கர் ஐயா. அவருடைய மனைவி உள்ளே இருந்து, "சட்டியையும் நான்தான் தூக்கினனான்" என்றார்.

உறுதி தொலைந்தவர்களுக்கு ஒரு வழி இருந்தது. நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது அதன் பிரதி ஒன்று காணிப் பதிவுக் கந்தோருக்குப் போக வேண்டும் என்பது சட்டம். கல்வெட்டுகளுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் அப்படிப் பிரதி கிடையாது. அதனால் 2005 இல் சில இளைஞர்கள் சேர்ந்து நூலகம் என்ற பெயரில் ஒரு வேலை தொடங்கினார்கள். பிறகு அது நூலக நிறுவனம் ஆனது. ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை எல்லாவற்றையும் படமெடுத்து இன்ரர்நெட்டில் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். நினைவு மலர்களையும் அவர்கள் சேர்க்கிறார்கள் என்பதுதான் எமக்கு ஆச்சரியம். மலையகத்துப் புத்தகங்களும் அங்கே இருக்கின்றன. போன் வைத்திருக்கும் பிள்ளைகள் தேடிக் காட்டட்டும்.

குடும்ப வரலாற்றுக்கென்றே சங்கம் வைத்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. கொழும்பில் 1908 இல் பறங்கியர் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தங்கள் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சடித்து வந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அந்த வேலையை ஊர்ச் சங்கங்கள் பார்க்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தங்கள் ஊரின் பெயரில் சங்கம் வைத்து மலர் போடுகிறார்கள்.

இவ்வளவும் கேட்டபின் எமது கூட்டாளி ஒருவர் கேட்டார்: "ஐயா, காணி இல்லாத ஆளுக்கு உறுதி ஏது? கல்வெட்டு அடிக்கக் காசில்லாத ஆளுக்கு என்ன இருக்கு?"

கிளாக்கர் ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மறைக்காமல் சொன்னார். யாழ்ப்பாணத்திலும் ஒரு பெரிய கூட்டத்துக்குக் காணி இருக்கவில்லை. அடிமை குடிமை என்று வைத்திருந்தார்கள். அடிமைமுறை இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது 1844 இல்தான். அதற்கு முன் அவர்களுடைய பெயர்கள் எழுதப்பட்டன, ஆனால் எஜமானின் சொத்துக் கணக்கில்தான், மாட்டையும் பனையையும்போல. "காணி இல்லாதவன்ரை பேரை மற்றவன்ரை கணக்குப் புத்தகத்திலதான் தேட வேணும் தம்பி. உங்கட ஆக்களுக்கும் அதுதான். நான் எழுதின செக்ரோலிலை உங்கட பேரன்ரை பேர் மாசாமாசம் இருந்தது. ஊர் எழுத இடம் இருக்கேல்லை. நம்பர்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் இதையேதான் பேசி வந்தோம்.

எம்மவர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1834 முதல் மொரீசியஸ் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களுக்கு ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், ஊர் எழுதி, பிற்காலத்தில் போட்டோவும் எடுத்து வைத்தார்கள். அந்தப் பதிவேடுகள் அங்கே மகாத்மா காந்தி நிறுவகத்தில் இருக்கின்றன. நாலு தலைமுறைக்குப் பிறகும் பிள்ளைகள் போய்த் தாத்தாவின் முகத்தையே பார்க்கிறார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் அப்படி வரவில்லை. கங்காணி ஊருக்குப் போய்க் கூட்டம் சேர்த்து, கடன் கொடுத்து அழைத்து வந்தார். கணக்கு எல்லாம் கங்காணியின் துண்டில். கோப்பிக் காலத்தில் மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்து, வழியிலே செத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தகரத் துண்டு கட்டி அனுப்பினார்கள். அதில் பொறித்திருந்ததும் போகவேண்டிய தோட்டத்தின் அடையாளம்தான்.

அப்படிப்பட்ட எம்மவரிடம்தான் 1948 இல் வம்சாவளி கேட்டார்கள். அந்த வருடத்து 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த தகப்பனுக்குப் பத்திரம் எங்கே? பத்திரம் இல்லாத யாழ்ப்பாணத்தானும் கண்டியானும் அன்று இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடத்து இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பிறகு 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது. கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும் கேள்வி அதேதான்: 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவரா, அல்லது அப்படி இருந்தவரின் வழிவந்தவரா?

பிறப்புப் பத்திரத்தில் பாட்டனையும் பூட்டனையும் கேட்கும் கூடு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா? கோடு இழுத்த இடம் எது என்றும் விளங்கும்.

பெயர் மாறினால் வழி தவறும் என்று முன்னே சொன்னோம். எமது பிரிவில் ஒரு அம்மா. அடையாள அட்டையில் லெட்சுமி, செக்ரோலில் இலட்சுமாயி, கலியாணப் பத்திரத்தில் வேறு எழுத்து. சேமலாப நிதி எடுக்கப் போனபோது மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். பஸ் காசு கடன் வாங்கி எத்தனை தரம் அலைந்தார் என்பது எமக்குத் தெரியும். அவருடைய காம்பராவில் பழைய குடும்பக் கடதாசிகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. டின் இல்லாவிட்டால் காசும் இல்லை.

ஆகையால் நாம் செய்யத் தொடங்கியதைச் சொல்கிறோம். முதலில் வீட்டில் மூத்தவரிடம் உட்கார வேண்டும். கொழுந்தெடுத்துக் களைத்து வந்த நேரத்தில் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். "இந்தியாவில எந்த ஊரு?" என்று கேட்டால் "சீமையில" என்று முடித்துவிடுவார்கள். "நம்ம குலசாமி எது? கோயில் எங்க இருக்கு?" என்று கேளுங்கள். குலதெய்வக் கோயில் தெரிந்தால் ஊர் பாதி தெரிந்த மாதிரி. எந்தப் பெரிய கங்காணியின் கூட்டத்தில் வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டம், எந்தத் துரை காலம், மண்டபம் காம்பில் எத்தனை நாள் என்று கேளுங்கள். வருடம் ஞாபகம் இராது. தனுஷ்கோடியைப் புயல் அடித்ததற்கு முந்தியா பிந்தியா என்றால் சொல்லிவிடுவார்கள். அது 1964 டிசம்பர்.

செத்தவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். குழந்தையிலே போன பிள்ளைகளைக் கேட்கும்போது கவனமாகக் கேளுங்கள். எமது அத்தை அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்ததென்று எமக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு கடதாசி. இந்தியாவுக்குப் போனவர்கள் இருந்தால், நீலகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் அவர்களுக்குப் போன் போடுங்கள். போகும்போது கொடுத்த குடும்பக் கார்டில் குடும்பத்தார் விபரம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேதக்காரக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும், பாதருடைய அனுமதியோடு பார்க்கலாம். பிறப்பு இறப்புப் பத்திரத்தின் பிரதிக்குப் பிரதேச செயலகம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அறிவிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமையாக இருந்தபடியால், பெயர் வைக்க முன்னரே பதிந்தும் இருக்கலாம். பிள்ளையின் பெயரைக் கொண்டு தேடிக் கிடைக்காவிட்டால் தாயின் பெயரைக் கொண்டு தேடச் சொல்லுங்கள்.

செக்ரோலைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில் பழைய புத்தகங்கள் ஸ்டோர் அறையில் கறையானுக்குப் போய்விட்டன. எரிக்கச் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. நாமும் அப்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். எங்காவது பழைய செக்ரோல் மிச்சம் இருந்தால், தொடாமல் எமக்கு ஒரு சொல் சொல்லுங்கள். துரைமாரிடம் நாம் பேசுகிறோம்.

கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் திகதியில் சொன்னார் என்றும் எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், சண்டை வேண்டாம். பெயர் எந்தக் கடதாசியில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே எழுதிவையுங்கள். நாமாகத் திருத்தக்கூடாது. சாதிப் பெருமை பேசுவதற்கு இந்தக் கொப்பியைப் பாவிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டில் நாம் எடுக்க வேண்டாத பகுதி அது ஒன்றுதான்.

எமது சொந்தக் கொப்பியில் இதுவரை இருபத்தாறு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. திருச்சிப் பக்கம் என்றது துறையூர்ப் பக்கம் என்று ஆகியிருக்கிறது. குலசாமியின் பெயரை அத்தை சொன்னார். கோயில் எந்தக் கிராமம் என்று கூடலூரில் இருக்கும் சித்தப்பா விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் போன் வரவில்லை. கிளாக்கர் ஐயாவுக்கு மட்டும் கடிதம் எழுதிவிட்டோம்.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் இருப்போம். எழுதத் தெரியாதவர்கள் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு வந்தால் போதும், நாம் எழுதித் தருகிறோம். பழைய கடதாசி இருந்தால் கொண்டுவந்து காட்டிவிட்டு, கையோடு திரும்பக் கொண்டுபோய்விடுங்கள். மழைக்காலம், ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.